மகனின் போனுக்கு நான் மிதித்தேன்

உம்மாவின் கைகளுக்கு முத்தம். உங்கள் முட்டிவலி தேவலையா? என் மகள் ரபாப் உங்களைப் படுத்தாமல் இருக்கிறாளா? போர்ட் சூடானில் என் தேநீர்க் கடை நடக்கிறது. கவலை வேண்டாம்.

இங்கே மின்சாரம் வருவதே இல்லை. வெல்டர் இத்ரீஸ் ஒரு சைக்கிளில் லாரியின் பழைய டைனமோவை மாட்டியிருக்கிறார். மிதித்தால் போனுக்குச் சார்ஜ் ஏறும். அவரவர் போனுக்கு அவரவரே மிதிக்க வேண்டும். நம் முத்தஸ்ஸிர் காய்ச்சலில் கண்மூடிய நாளிலிருந்து அணைந்து கிடந்த அவன் போனை நேற்று கொண்டுபோனேன். அவன் பேசிப் பதிந்து வைத்த குரல் அதில் இருக்குமே. மேலே சுற்றியிருந்த தோப் துணியின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக மிதித்தேன்.

"அக்கா, ரேஸா ஓட்டுறீங்க? டைனமோ கருகிடும், மெதுவா!" என்று இத்ரீஸ் கத்தினார்.

"எறங்குடி, நான் மிதிக்கிறேன். உனக்கு மூச்சு வாங்குது" என்றாள் பக்கத்துக் கடை ஹவ்வா.

"என் புள்ள போனு. நானே மிதிக்கிறேன்."

திரை ஒளிர்ந்தது உம்மா! ஆனால் பூட்டியிருக்கிறது. ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து அவன் போட்ட கோட்டைப் போட வேண்டுமாம். தப்பாகப் போட்டு எல்லாம் அழிந்துவிடுமோ என்று நான் தொடவில்லை. ரபாப் அதில் விளையாடுவாளே, அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தாளில் வரையச் சொல்லி, இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் வெண்டைக்காய்ப் பொடியும் வையுங்கள்.

லாரி கிளம்புகிறது. தாள் வரும்வரை தினமும் மிதித்து அதை அணையாமல் வைத்திருப்பேன்.

உங்கள் மகள்
இஹ்ஸான்