பத்து நிமிடச் சுதந்திரப் போர்

பெப்ரவரி 5, திங்கள்

பனி. பஸ் பிந்தியது, நானும் பிந்தினேன். போர்மன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். மணிக்கூடு செய்கிற தொழிற்சாலைக்குப் பிந்திப் போவதைப் போலக் கேவலம் வேறில்லை.

வேலை முடிய நேரே மகளின் பள்ளிக்கூடம். துளசி இப்போது ஆறாம் வகுப்பு. அடுத்து செகுண்டாரா, ரெயாலா என்று இந்த மாதம் முடிவாகும். செகுண்டார் என்றால் மேலே படிக்கலாம். ரெயால் என்றால் வெள்ளனவே ஏதாவது தொழில் பழக அனுப்பிவிடுவார்கள். வாத்தியார் சிரித்த முகம். வழக்கம் போலத் துளசிதான் மொழிபெயர்ப்பு.

"நான் நல்ல அமைதியான பிள்ளையாம் அப்பா. எனக்கு ரெயாலே போதுமாம்."

அமைதியான பிள்ளையாம்! வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

கணக்கு நல்லம். ஜெர்மன்தான் இழுபறி. வகுப்பில் ஒரு பேச்சு இருக்கிறதாம், பத்து நிமிடம். அது நன்றாக அமைந்தால் திரும்ப யோசிப்பாராம். தலைப்பு, அமெரிக்கக் குடியேற்றக்காரர் பிரிட்டிஷ் அரசரை எதிர்த்து நடத்திய சுதந்திரப் போர்.

வரலாறு! ஊரில் ஏ.எல். பரீட்சைக்கு நான் எடுத்த பாடம். வாத்தியார் ஆளறியாமல் மாட்டிக்கொண்டார்.

பெப்ரவரி 7, புதன்

வாங்க: மட்டை, சிவப்புப் பேனா, கருவாடு, மனுசி சாந்திக்குத் தலையிடிக் குளிசை.

பேச்சு தமிழில் எழுதி முடித்தேன். நாலு பக்கம். 'பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே' என்று தொடக்கம். துளசி ஜெர்மனில் மாற்றி எழுத வேண்டும், பிறகு தாளைப் பாராமல் சொல்லப் பாடமாக்க வேண்டும். அதற்குள் ஆயிரம் கேள்வி.

"அப்பா, அவையும் இங்கிலீஷ்காரர்தானே? பிறகேன் சண்டை?"

"கேக்காமல் வரி போட்டால் ஆரெண்டாலும் சண்டைதான்."

"அடிமையளை வைச்சுக்கொண்டு தங்களுக்குச் சுதந்திரம் கேட்டவையாம். லைப்ரரிப் புத்தகத்திலை கிடக்கு."

"பத்து நிமிசத்திலை அதெல்லாம் சொல்லேலாது. எழுதினதைப் பாடமாக்கு."

மூஞ்சியை நீட்டிக்கொண்டு போனாள். பிள்ளை வளர்ப்பதற்குப் பதில் மாடு வளர்த்திருக்கலாம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் எங்கள் ஊர்க் கனகண்ணைக்கு இன்று லீவு. வந்து இறங்கினார். பேச்சைக் கேட்டார். திருப்தி இல்லையாம்.

"கடைசியிலை எங்கட ஈழப் பிரச்சினையையும் ஒரு வசனம் போடடா."

"அண்ணை, இது பள்ளிக்கூடம். ஜெனீவா ஊர்வலம் இல்லை."

"அப்ப பிள்ளையைக் கையை உயர்த்தியாவது பேசச் சொல்லு. இஞ்சை பார், இப்பிடி!" உயர்த்தினார். மின்குமிழில் அடி. பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டும் இடத்தில் கை உயர வேண்டுமாம். அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சேர்த்தாயிற்று.

மனுசன் சாந்தி பொரித்த ரோல்ஸ் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ரயிலேறினார். சாந்திக்குக் கோபம். "பிள்ளை சாப்பிட்டுதோ எண்டு ரெண்டு பேரிலை ஒருத்தராவது கேட்டனியளோ?"

துளசி குளியலறைக்குள் நின்று முழுவதும் சொல்கிறாள். ஒரு எழுத்துத் தடக்கவில்லை. என் பிள்ளை!

பெப்ரவரி 14, புதன்

இன்றுதான் பேச்சு. வேலையில் கை ஓடவில்லை, இரண்டு தரம் திருகாணி விழுந்தது.

"எப்பிடி?"

"ஒண்டும் மறக்கேல்லை."

அப்பாடா என்றிருந்தது. சாப்பிடும்போதுதான் மிச்சம் வெளியே வந்தது. கையை உயர்த்தியதும் வகுப்பே சிரித்ததாம். முடிவில் வாத்தியார் ஒரே ஒரு கேள்வி. அரசரும் குடியேற்றக்காரரும் ஏன் பேசித் தீர்த்திருக்கக் கூடாது? அது என் நாலு பக்கத்தில் இல்லை.

சாந்தி என்னைப் பார்த்த பார்வை.

பெப்ரவரி 16, வெள்ளி

சந்திப்பு. இந்த நாளைக் கிழித்தெறியலாம்.

வாத்தியார் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னார். அது எனக்கே விளங்கும், பாடமாக்கியது என்று அர்த்தம். சொந்த வசனம் இல்லையாம், ஆகையால் ரெயால். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிப் பேசியதற்கு எனக்குக் கிண்ணம் தந்தார்கள். இங்கே அது குற்றம்!

கொதித்துவிட்டேன். "பிள்ளை ராப்பகலாப் பாடுபட்டது, இவருக்குக் கண் தெரியாதோ எண்டு கேள்" என்றேன். துளசி அவர் பக்கம் திரும்பி, அப்பா நன்றி சொல்கிறார் என்றாள். டாங்கெ என்றால் நன்றி என்று எனக்குத் தெரியாதா? எழும்பி, மேசையில் அடித்து, தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில், இல்லை, செகுண்டார்தான் என்று நானே கத்தினேன். "நைன்! செகுண்டார்!" அவர் கதிரையைப் பின்னால் இழுத்தார். துளசியின் காது சிவந்துவிட்டது.

பஸ்ஸில் எனக்குப் பின் ஆசனத்தில் போய் இருந்தாள். இறங்கித் தெருவில் நின்று தொடங்கினாள்.

"அரசர் கேக்காமல் வரி போட்டவர் எண்டு எனக்குப் பாடமாக்கித் தந்தனியள். நீங்கள் என்னை ஒண்டாவது கேட்டனியளோ? அண்டைக்கு அவர் கேட்ட கேள்விக்கு நான் இப்ப என்ரை பதில் வைச்சிருந்தனான். கத்திக் கெடுத்துப்போட்டியள்."

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பெரிய வரலாற்று ஆசிரியர் நான்!

பெப்ரவரி 17, சனி

மழையும் பனியும். சாந்தி: "உங்களுக்கு நல்லா வேணும்."

மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த துளசியிடம் கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. "உனக்குச் செகுண்டார் விருப்பமோ?"

"ஓம்."

"அப்ப திங்கள் நானும் வந்து..."

"அப்பா!"

சரி, சரி. தனியே போய்க் கதைக்கப் போகிறாளாம். திங்களுக்கு நேரமும் அவளே மின்னஞ்சலில் கேட்டு வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 19, திங்கள்

வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், வெளியில் இருக்க. விறாந்தை முழுக்கப் பிள்ளைகளின் ஈரச் சப்பாத்து. கண்ணாடிக் கதவு. சத்தம் கேட்காது, ஆள் மட்டும் தெரியும்.

துளசியின் கையில் தாள் இல்லை. இரண்டு கையாலும் கதைக்கிறாள். வாத்தியார் இடையில் தலையை ஆட்டி இல்லை என்றார். இவளும் தலையை ஆட்டி இல்லை என்கிறாள்! வாத்தியாரை எதிர்த்து! பதறி எழும்பிக் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். பிறகு திரும்ப வந்து கதிரையில் இருந்தேன். அதைப் போலக் கஷ்டமான வேலை இந்த நாட்டில் நான் செய்ததில்லை.

கதவு திறந்தது.

"செகுண்டார். ஆறு மாசம் வைச்சுப் பாப்பினமாம். கையெழுத்து வைக்கத்தான் உங்களைக் கூப்பிடுறார், வாங்கோ. உள்ளை ஒண்டும் கதைக்கக் கூடாது."

போனேன். கதைக்கவில்லை.