எதிர்கொள்ளப் போகும் படகில் ஓர் இடம்

ஜெலாப்பாங், ஈப்போ
புதன்கிழமை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நேற்று மாலை நிலவரப்படி நீ நலம், நன்றாகச் சாப்பிடுகிறாய், வலது கைப் பெருவிரலில் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறாய். ஆதாரம், உங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் வந்த படம். நீ சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. காற்று நிலவரம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டது, பச்சையானதும் உலகத்தைச் சுற்றும் சாதனைப் பயணத்துக்குப் உங்கள் பாய்மரப் படகு பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் என்று சொன்னதும் அதே பக்கம்தான். இங்கே நாங்கள் நலம், மழைக்கு அப்பாவின் முட்டிவலி கூடியிருக்கிறது. இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலை நம்பினால் நீ உலகத்தையே சுற்றி முடித்துவிடுவாய்.

படத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை எழுத எனக்கு வராது. உன் தலையில் இருப்பது நீ தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா மர்யான் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பி. எடை கூடக் கூடாது, பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டிவிட்டுத்தான் ஏறுகிறோம் என்று சொல்லி நான் அரைத்து அனுப்பிய மிளகாய்ச் சம்பால் போத்தலைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறாய், தொப்பிக்கு மட்டும் எடை கிடையாதா? போன வாரம் வந்த இன்னொரு படத்தின் கீழே 'மர்யானும் அவர் மகளும்' என்று பிரெஞ்சு மொழியில் போட்டிருந்தார்கள். முப்பது வருடம் இந்த ஈப்போவில் தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள், தப்பான செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பெற்றவள் பெயர் புஷ்பலதா, திருத்தம் வெளியிடவும் என்று உங்கள் செய்தி அலுவலருக்கு எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டு மாற்றியும்விட்டார். நீதான் போனில் கத்தினாய், 'ஐயோ அம்மா, இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க, அது சும்மா பாசத்துல போட்டதுலா' என்று. பாசத்தில் போட்டது என்று தெரிந்துதான் திருத்தச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பயணம் முடிந்து நீங்கள் திரும்பும்போது கடலில் முடிவுக் கோட்டருகே எதிர்கொள்ள ஒரு படகு போகும், அதில் ஒவ்வொருவர் சார்பிலும் ஒருவருக்குத்தான் இடம், வெள்ளிக்கிழமைக்குள் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றாய். 'மர்யான் இங்கேயே இருக்காங்க, நீங்க எப்படிம்மா அவ்ளோ தூரம், அதுவும் கடல்ல' என்றாய். நான் பேசாமல் இருந்ததும் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டாய். லைன் அறுந்துபோகவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். 'பங்கோர் ஃபெரியிலயே வாந்தி எடுத்தவ நீ, உன்னத் தூக்கிட்டு வரவே இன்னொரு படகு வேணும்லா' என்று சிரித்தார். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே அவரையும் இழுத்துக்கொண்டு லூமுட் துறைக்குப் போய்ப் பங்கோர் தீவுக்கு ஃபெரி ஏறினேன். போகும்போது வாந்தி எடுத்தேன், மறைக்கவில்லை. பங்கோரில் இறங்கி இஞ்சி டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது வெளியே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன், எடுக்கவில்லை. 'போதும் புஷ்பா, வீட்டுக்குப் போலாம்' என்றார், கேட்காமல் மறுபடியும் ஏறினேன். டிக்கெட் சரிபார்க்கும் மலாய்க்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆன்ட்டி எதையாவது தொலைத்துவிட்டாரா என்று கேட்டார். 'மகளத் தேடுது' என்றார் உங்கப்பா. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முறையும் எடுக்கவில்லை, சந்தேகம் இருந்தால் அப்பாவைக் கேள்.

உன் கடல் பங்கோர் கடல் இல்லை, தெரியும். மர்யான் நல்லவர், அதுவும் தெரியும். உனக்குக் காய்ச்சல் வந்தபோது கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்று நீ சொன்னாயே, அன்று எனக்கு நன்றியும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது, எரிச்சல்தான் முதலில் வந்தது. வெளியே யாராவது கேட்டால் மகள் படகில் பாய்மரத் துணி தைக்கிறாள் என்று பெருமையாகச் சொல்கிறேன், வீட்டுக்குள் வந்தால் உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எல்லார் மீதும் பொறாமையாக இருக்கிறது, அந்தப் படகின் மீதும்தான். நீ முடித்து வரும்போது முதலில் பார்க்கிற முகம் என்னுடையதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பித்தாகிவிட்டது. அப்பா வரமாட்டாராம், குளிர் முட்டிக்கு ஆகாதாம்.

தெற்குக் கடலில் பனிக்கட்டி மிதக்கும் என்று படித்தேன், மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள், யார் அவசரப்படுத்தினாலும் மாட்டாமல் ஓர் அடி வைக்காதே. விரல் ஆறும் வரை தைக்கும்போது உறை போட்டுக்கொள். தொப்பியையும் போட்டுக்கொள், குளிர் யார் பின்னியது என்று பார்க்காது. முருகன் துணையிருப்பான், நீங்கள் எட்டுப் பேரும் ஒரு குறையும் இல்லாமல் சுற்றி வர வேண்டும்.

இன்னும் தெரியாதவை இரண்டு. காற்று பச்சையாவது சனி அல்லது ஞாயிறு என்கிறார்கள், அது யார் கையிலும் இல்லை. பெயர் உன் கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைக்குள். மர்யானின் பெயரைத்தான் கொடுப்பதென்றால் நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு. அப்போதும் நான் வருவேன். துறைமுகத்துப் படிக்கட்டில் நிற்பதற்கு யாரும் பெயர் கேட்கமாட்டார்கள்.

உன்னைப் பெற்ற அம்மா,
புஷ்பலதா உடையப்பன்