அமாவாசையில் ஓடும் தறி

இன்று அமாவாசை. நெசவுக்கு விடுமுறை, தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. காலையில் உன் பழைய செல்போனை எடுத்தேன். உடைந்த கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் நம் வீட்டுத் தறிச் சத்தம் டக்கு டக்கென்று கேட்டது. என் மகள் யமுனா சுவரோரம் உட்கார்ந்து, அதன் தாளத்துக்கு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது.

நாத்தனார் என்றால் கொடுக்கு வைத்தவள் என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயும் லேசுப்பட்டவள் இல்லை, என் குழம்பில் குறை சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

யமுனாவுக்கு அப்போது ஒன்பது வயது. மாதம் முழுக்க எப்படியோ ஓடிவிடும், அமாவாசை வந்தால் போச்சு. தலையைச் சுவரில் மோதுவாள். மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைப்பாள். தடுத்தால் என் முகத்தைப் பிறாண்டுவாள். நானும் அடித்தேன். ஒரு நாள் தோசைக் கரண்டி வளையும்வரை அடித்தேன். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் பார்த்து வருகிற வியாதி உண்டா? பேய்தான் என்று தெருவே சொன்னது. நானும் நம்பினேன்.

மாகறல் பக்கம் ஒரு பூசாரியிடம் போனோம். உன் அண்ணன் கால்களைப் பிடித்துக்கொண்டார், நான் கைகளை. "யாருடி நீ? பேரச் சொல்லு!" என்று பிரம்பால் அடித்தான். பேச்சு வராத பிள்ளையிடம் பேர் கேட்டான். முதுகில் தோல் உரிந்தது. அப்போதும் நான் கையை விடவில்லை. பாவி நான். துணைக்கு வந்த நீதான் குறுக்கே விழுந்தாய். மூன்று அடி உன் தோளில் விழுந்தது. நாலாவதுக்கு அவன் கையைக் கடித்து, பிரம்பைப் பிடுங்கி, அவனையே விளாசினாய். "யமுனாடா! எங்க வூட்டுப் பொண்ணுடா!" விபூதித் தட்டோடு சாய்ந்தான். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தார். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சாவுக்காகத் தெருவில் எல்லாத் தறியும் நின்றன. அன்றும் யமுனா மோதிக்கொண்டு நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவில் தலையணையைப் பிடித்தபடி நீ கத்தினாய்: "பேயும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. தறி நின்னுட்டுது பாரு, அதான் மோதிக்கினு இருக்குது. போய் தறில உக்காரும்மா!"

பிணம் கிடக்கும்போதா என்றேன். "உக்காரு" என்றாய். நெய்தேன். பத்து நிமிடத்தில் அடங்கினாள். எதிர்வீட்டார் வந்து கதவை உதைத்தார்கள். நீ வாசலில் நின்று அறை வாங்கிக்கொண்டாய். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அமாவாசையில் நின்றுபோவது நெசவுக்காரியான எனக்கு உறைக்கவே இல்லை.

மறுவாரம் நான் நெய்யும்போது செல்லைத் தறிமேல் வைத்துப் பதிவு செய்தாய். நடுவில் யமுனா பாவு நூலை இழுத்து அறுத்துவிட்டாள். கை ஓங்கினேன். "கைய எறக்கு அண்ணி" என்று நீ அதட்டியதும் பதிவாகிவிட்டது. அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும், அது உனக்கு" என்று சிரித்தாய். பதினோரு வருடமாக அமாவாசைதோறும் அந்த அதட்டலையும் சேர்த்தேதான் கேட்கிறோம்.

இன்று மதியம் செல்லில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. இருபது வயதுப் பெண்ணின் பலம் உனக்குத் தெரியாததா? என் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, கையைக் கடித்துவிட்டாள். வலி பொறுக்காமல் மறு கையை ஓங்கினேன்.

"கைய எறக்கு அண்ணி" என்றாள்.

உன் குரல், உன் அதே அதட்டல். இறக்கினேன். சார்ஜரைத் தேடி மாட்டும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அவள் ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அண்ணி என்றாவது கூப்பிடுகிறாளே.