ஐம்பத்திரண்டாம் கல்

பிப்ரவரி 3, திங்கள்

கடையில் இன்று பதினேழு ஜோடி விற்றேன். எல்லோரிடமும் அதே பாட்டு: "சாயங்காலம் கால் வீங்கும், அரை சைஸ் பெருசா எடுங்க." இருபத்திரண்டு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்து ஊரார் காலைப் பிடிக்கிறேன். சொந்த அண்ணன் காலைத் தரையில் ஊன்ற வைக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். நடந்து பழகினால் வலது கால் சரியாகும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். "நடந்து எங்க போகப் போறேன்?"

இன்று எனக்குப் பொறுக்கவில்லை. "நீ நட்ட கல்லு வழியில நான் நடக்கிறேன். ஒரு நாளைக்கு நான் எத்தனை கல்லு தாண்டுறேனோ, அத்தனை அடி நீ நடக்கணும்" என்றேன். சிரித்தான். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் நக்கல்.

"நீயா? பஸ் ஸ்டாப்புக்கே ஆட்டோ பிடிக்கிறவ."

"சம்மதமா, இல்லையா?"

"சரி, பார்ப்போம்."

பிப்ரவரி 5, புதன்

மலைக்கோயிலுக்குப் போகும் பழைய வழி. தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். மறுபக்கம் தார்ச்சாலை வந்த பிறகு அதில் நடப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நில அளவையராக இருந்த அண்ணன்தான் முப்பது வருஷத்துக்கு முன் அதை அளந்து, கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டான். வேலைக்கு ஜீப்பில் போய் வந்தானே தவிர, முழுசாக நடந்ததில்லை.

முதலாளி பதினாறாம் தேதி வரை லீவு கொடுத்தார். "மறுநாள் காலைல முக்காலியில இருக்கணும்."

பிப்ரவரி 10, திங்கள்

பதினைந்து கல். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுவிட்டுப் போக வேண்டுமாம். ராத்தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா சொன்னார்: "விட்டுட்டா, திரும்பி வந்து தொட்டுட்டுப் போவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. அவங்கவங்க மனசு."

அண்ணி போனில்: "பதினஞ்சு அடி. என் தோளைப் பிடிச்சுக்கிட்டே. அடிக்கு ஒரு தடவை உன்னைத் திட்டினார்."

திட்டட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதினான்கு. கால்விரல் எரிகிறது. கடையில் பார்வைக்கு வைத்திருந்த ஷூ, கண்ணைப் பறித்தது, எடுத்துக்கொண்டேன். என் காலுக்கு அரை சைஸ் சின்னது. தெரிந்தேதான். ஊருக்குத்தான் உபதேசம்.

பிப்ரவரி 12, புதன்

பதின்மூன்று. இரண்டு நகம் கறுத்துவிட்டது. திரும்புவதாக இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் கல்லில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். நகம் அதோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பால் வண்டி. "ஏறுங்கம்மா" என்றார் டிரைவர். ஏறிவிட்டேன். ஐம்பத்தாறில் இறங்கினேன். பாக்கி இரண்டு கல்லை நொண்டி நொண்டி முடித்தேன்.

அண்ணனிடம், "இன்னைக்குப் பதினாறு" என்றேன்.

"அம்பத்திரண்டாம் கல்லு நேரா நிக்குதா?"

"நிக்குது. தொட்டுட்டுத்தான் வந்தேன்." எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

"சரி, போனை வை" என்றான்.

அரைமணி கழித்து அண்ணி கூப்பிட்டாள். "தோளைப் பிடிக்காம நடந்தார். ஒன்பதாவது அடியில முட்டி மடங்கிடுச்சு, விழத் தெரிஞ்சார். போதும்னேன். இன்னும் ஏழு இருக்குன்னு நடந்து முடிச்சார்."

ஏழு. அவன் உயிரைக் கொடுத்து நடந்த ஏழு அடி, நான் வண்டியில் உட்கார்ந்து வந்த ஏழு கல். என்ன மனுஷி நான்? அவன் விழுந்திருந்தா?

பிப்ரவரி 14, வெள்ளி

முன் வைத்த காலைப் பின் வைக்காதவள் என்று வீட்டில் எனக்குப் பேர். இன்று ஒன்பது கிலோமீட்டர் பின்னால் போனேன், அதே பால் வண்டியில். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஷூவின் முன்பக்கத்தைக் கத்தியால் அறுத்து விரல்களுக்கு வழி விட்டிருந்தேன். முதலாளி பார்த்தால் மயக்கம் போடுவார்.

நாற்பத்தொன்பதிலிருந்து நடந்தேன். ஐம்பது. ஐம்பத்தொன்று. அடுத்தது ஒரு பள்ளம், அதைத் தாண்டி ஓடை. கல்லே இல்லை. ஓரமாக ஒரு பெரிய பாறை, அதில் மங்கிய வெள்ளைப் பெயிண்டில் 52. இரண்டின் வாலைச் சுழித்து எழுதுவது அண்ணன் பழக்கம். என் பள்ளிக்கூடப் புத்தக அட்டையெல்லாம் அந்தக் கையெழுத்துதான்.

பாறைமேல் கை வைத்தபடி போன் செய்தேன்.

"இங்க கல்லே இல்லையே அண்ணா."

"எப்படி இருக்கும்? மண்ணு இளகல். நட்டா நிக்காது. அதான் பாறையில எழுதினேன்."

"அப்போ நேத்தே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு அந்த ஏழு அடி?"

"நீ திரும்பிப் போவேன்னும் தெரியும். அதான் முன்கூட்டியே நடந்து வச்சேன். இன்னைக்கு எனக்கு ஓய்வு."

பாறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு எழுந்து ஐம்பத்தெட்டு வரை நடந்தேன்.

பிப்ரவரி 15, சனி

பதினான்கு. முதலாளியிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டேன். "வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். "வேணும். செவ்வாய்க்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பதின்மூன்று.

பிப்ரவரி 17, திங்கள்

தொண்ணூற்றெட்டாம் கல்லைத் தொட்டேன். எனக்கும் சாமிக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. கேட்க வேண்டியதை வழியெல்லாம் அண்ணியிடமே கேட்டாகிவிட்டது. சும்மா கும்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வேலை இருக்கிறது. திட்டும் இருக்கிறது.

மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. ஊன்றுகோலோடு இறங்கினான், அண்ணி இரண்டடி பின்னால். ஆட்டோவிலிருந்து என் முக்காலி வரை இருபத்தொரு அடி. அவனே எண்ணிச் சொன்னான்.

வலது காலைத் தூக்கி அளவுப் பலகையில் வைத்தேன். வாடிக்கையாளர் என்பதால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். "எதுக்குப் போடப் போறீங்க? வீட்டுக்கா, வெளியவா?"

"ஒண்ணாம் கல்லு வரைக்கும் போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றான். "சாயங்காலம் கால் வீங்குமாமே. அரை சைஸ் பெருசா எடு."