மக்கிப்போவதற்குச் சம்மதம்

வைகாசி 10, சனி

1. எழுதுபவன்: நாமக்கல் நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன்.
2. பள்ளிபாளையத்துக்குக் கீழே, காவிரிக்கரைத் தோட்டத்தின் பட்டாவில் தங்கை சரோஜாவோடு கூட்டாகப் பெயருள்ளவன். பாடுபடுவது அவள்.
3. மேற்படி தோட்டம் குறித்துத் தெளிவில்லாதவன்.

கடும் வெயில். காலையிலேயே சரோஜாவின் கணவர் நல்லசிவம். வாசலிலிருந்தே, "ஏனுங்க மச்சான், கரையில விரிச்ச பாயக் காணமுங்க. கேசு போட்டுருங்க."

பாய்: தென்னைநார் வலை. கரை அரிக்காமலிருக்க ஒப்பந்தக்காரர் ரங்கசாமி விரித்தது. திருட்டா என்றேன். "இல்லீங்க, மக்கிப்போச்சு." இப்போது அரிப்பு மோட்டார் அறைச் சுவர் வரை. அணை திறந்தால் அறை ஆற்றில்.

நோட்டீஸ் வரைவு: தரக்குறைவு, நட்டஈடு. மூக்குக்கண்ணாடி துடைக்க வேண்டும்.

11, ஞாயிறு

நேரில் பார்வையிட்டேன். பாய் இல்லை, உண்மை. இருந்த இடமெல்லாம் புல். பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை.

ரங்கசாமி: "மக்கறதுக்குத்தானுங்க போட்டதே. அதுக்குள்ள புல்லு வேர் புடிச்சுக்கும்."

பொருள் அழிவதே பொருளின் பயனா? அப்படியானால் எதை மீறினார்?

மோட்டார் அறையருகே மட்டும் பாயும் இல்லை, புல்லும் இல்லை. காரணம் கேட்டேன். மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்தார். சரோஜா: "ஆட்டுக்குட்டிக்குப் பசிச்சுதுங்கண்ணா."

பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி கல்லுக்கடியில் போட்ட கருப்புப் பிளாஸ்டிக் துணி அப்படியே உள்ளது. "எங்கூட்டுத் துணி எம் பேரன் காலத்துக்கும் கெடக்குமுங்க, வக்கீலய்யா!" ஆனால் துணியின் ஓரத்தில் மண் உள்வாங்கியிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. எது சரி?

13, செவ்வாய்

காற்று. நோட்டீஸைக் கிழித்தேன், பாதியை எடுத்து வைத்தேன், ஏனென்று தெரியவில்லை.

ரங்கசாமியின் யோசனை: தண்ணீர் மோதும் அடியில் கருப்புத் துணி, அதன்மேல் கல். மேல்சரிவில் நார்ப்பாய், புல். ஆடு ஏறக்கூடாது. நிற்குமா என்றேன். "ஆத்தத்தானுங்க கேக்கணும்."

இதை எந்த ஷரத்தில் சேர்ப்பது?

15, வியாழன்

அணை திறந்துவிட்டார்கள். துணியும் கல்லும் நேற்றே முடிந்தன. பாய் இன்று, புல் நட்டாயிற்று, வேர் இல்லை. ஒப்பந்தம் இப்போதுதான் எழுதுகிறேன். தவறான வரிசை.

"நிரந்தரப் பாதுகாப்பு" என்று எழுதி அடித்தேன். "பாய் மக்குதல் ஒப்பந்த மீறல் ஆகாது" என எழுதினேன். என் கட்சிக்காரர் எவராவது இப்படிக் கையெழுத்திட வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மாப்பிள்ளை: "புல்லு முந்துமா, தண்ணி முந்துமாங்க மச்சான்?"

அதற்கு ஷரத்து இல்லை.

சரோஜா பேனாவை நீட்டினாள். "படிச்சதையே படிக்காதீங்கண்ணா. போடுங்க, தண்ணி வருது."

நகல்:
ஒப்பம்: சு. வரதராஜன், சு. சரோஜா, ரங்கசாமி (ஒப்பந்தக்காரர்)
சாட்சிகள்: 1. நல்லசிவம் 2. பெரியசாமி (படிக்காமலே போட்டார்)