முரசகம் மாறிய கோட்டையும் புறப்பட்டு வந்த படையும்

நலம் பெருகுக, நாடு செழிக்க. மழை தவறாத ஆழித்துறை நாட்டை ஆள்பவரும், கடலோரக் கோட்டைகள் அனைத்துக்கும் தலைவரும், எம் பட்டத்தரசி செம்மலர்த் தேவியாரைப் பெற்ற தந்தையுமாகிய மாமன்னர் நெடுவேலர் திருமுன்னர், வெண்குன்ற நாட்டு அமைச்சன் குறுங்காடன் எம் மன்னரின் ஆணையால் வணங்கி விடுக்கும் ஓலை.

முதலில் ஒரு சொல்: கோட்டை விழவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஆற்றின் அக்கரையில் வில் பூட்டி நிற்கும் தங்கள் வீரர்கள் நாணைத் தளர்த்தலாம்.

நடந்தது இது. மலைக்கு மலை முரசறைந்து செய்தி கடத்தும் பணியை இதுகாறும் கருங்கல் முரசகத்தாரிடம் விட்டிருந்தோம். எம் பள்ளத்தாக்கில் அவர்கள் ஒலி பாதியிலேயே அறுந்துபோகும். இளவரசரின் பெயர்சூட்டு விழாவுக்குத் தாங்கள் அனுப்பிய வாழ்த்து, குழந்தை தவழத் தொடங்கிய பிறகே வந்து சேர்ந்தது. முறையிட்டாலோ, 'பொறுத்திருங்கள், தங்கள் குறை எமக்கு மிக முக்கியம்' என்று அதையே மறுபடி மறுபடி முழக்குவார்கள். அது மட்டும் தெளிவாகக் கேட்கும்!

ஆகவே செம்பாறை முரசகத்துக்கு மாறுவதென மன்னர் முடிவு செய்தார். எம் கோட்டையை இன்னதென்று காட்டும் அழைப்புத் தாளம் மட்டும் மாறலாகாது, தந்தையார் அறிந்தது அது ஒன்றே என்று தேவியார் உறுதியாய் நின்றார். பழையவர் மலையுச்சியில் 'விட்டோம்' என்று அறிவித்தாலன்றிப் புதியவர் அத்தாளத்தைத் தொடக்கூடாது என்பது முரசகங்களின் வழக்கம். கருங்கல் தலைவனோ சினந்து முரசை இறக்கிவிட்டு, அறிவிக்காமலே உறங்கப் போய்விட்டான். அன்று மாலை பழைய முரசும் இல்லை, புதிய முரசும் இல்லை.

நாள்தோறும் அறையும் மாலை முரசு கேளாவிடில் கோட்டை வீழ்ந்ததெனக் கொண்டு மற்றவர் படையோடு வரவேண்டும் என்பது நம் இரு நாட்டு உடன்படிக்கை. மாற்றுகிற பரபரப்பில் எம் அவையில் ஒருவருக்கும் அது நினைவில்லை. தாங்கள் மறக்கவில்லை.

விடியலில் பனிமூட்டத்துக்குள் ஒரு படை. கொடி தெரியவில்லை. கோட்டைக் காவலன் எரிமறவன் வாயிலை அடைத்து, எண்ணெய் காய்ச்சச் சொல்லி, தீயம்பும் தொடுத்துவிட்டான். அந்நேரம் மதிலேறிய தேவியார், 'அடேய், இறக்கு அந்த வில்லை! ஒற்றைக் கொம்பு யானை கண்ணில் படவில்லையா? வருவது என் அப்பா!' என்று கூவியது கோட்டை முழுவதும் கேட்டது. எரிமறவன் உடனே வில்லை இறக்கினான்.

கருங்கல் தலைவனை எழுப்ப ஆள் விட்டோம். ஆற்றங்கரையில் தங்கள் படையைக் கண்டதும், யாரும் கேளாமலே 'விட்டோம், விட்டோம்' என்று ஓயாமல் அறைந்தான்.

இப்போது செம்பாறை முரசு அதே தாளத்தில் கணீரென்று ஒலிக்கிறது. அதன் முதற்செய்தி எம் மன்னரின் புகழாய் இருக்கவேண்டுமென்றது அவை. தேவியார் இசையவில்லை. 'படை திரும்பட்டும், யானை மட்டும் வரட்டும், பேரன் ஏறவேண்டுமென்று அழுகிறான்' என்பதையே அறையச் சொன்னார். தங்கள் செவிக்கு அது எட்டியிருக்கும்.

வாயில் திறந்தே இருக்கிறது. காய்ச்சிய எண்ணெய் வீணாகாமல் அதில் அதிரசம் சுடச் சொல்லியிருக்கிறார் தேவியார். அது ஆறும் முன் தாங்கள் யானையோடு வந்து சேர்வது மகளாரின் ஆணை. இதற்கு வெண்குன்றத்தின் சங்கு முத்திரை சாட்சி.