உருண்டைக்கல்லுக்குக் கீழே தண்ணீர்

அத்தான்,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. குச்சவெளி வீட்டு வளவில் நீங்கள் பாதியில் விட்ட கிணற்றை உங்கள் மருமகன் திரும்பவும் கிண்டினார். நேற்றுத் தண்ணீர் கண்டது. ஈரக்கல்லின் மணம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் கொடுத்தேன். நிலத்துக்குள் கிடக்கும் பெரும்பாறையின் வெடிப்புகளில் மழைத்தண்ணீர் இறங்கும். மூலைகள்தான் முதலில் உக்கி உதிரும். பிறகு வெங்காயம்போலத் தோல் தோலாகக் கழன்று, நடுவில் உக்காத உருண்டை ஒன்று மிஞ்சும். அதைச் சுற்றியிருப்பதைக் கையாலேயே நொறுக்கலாம்; தண்ணீர் ஊறுவதும் அதற்குள்தான். “இது இராவணன் பிறக்க முந்தித் தொடங்கின வேலை!” என்று ஒரு போடு போட்டேன். வாய் பிளந்து நின்றார்கள்.

மருமகன் சுற்றிக் கிண்டியதும் அன்று உங்களுக்குத் தட்டுப்பட்டதும் ஒரே உருண்டைதான். குழிக்குள் நாம் இருவர் மட்டும். கந்தோர் மேசையில் பேனை பிடித்த உங்கள் கை கொப்புளித்திருந்தது. நானோ துறைமுகத்தில் கல்லுடைத்தவன். இரும்பு அலவாங்கால் ஓங்கிக் குத்தினேன், கணீரென்றது. சல்லிக் கிராமம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இது அடிவரைக்கும் போற தாய்ப்பாறை இல்லை அத்தான், உருண்டை. சுத்திக் கிண்டுங்கோ” என்றேன்.

“கல்லு உன்னோட கதைச்சதோடா?” என்று சிரித்துவிட்டு ஏறிப்போனீர்கள். ஊருக்கு நான் சொன்ன கதை இது.

அதன்பிறகு அக்கா குடத்தோடு அடுத்த தெருக் கிணற்றுக்கு நடந்தா. “ஒரு கல்லைக் கண்டு பயந்திட்டார்” என்று உங்களைக் குத்திக்காட்டாத நாளில்லை. “எனக்கு ஏலாமப் போச்சு” என்பதற்கு மேல் நீங்கள் வாய் திறக்கவில்லை.

நேற்று முதல் வாளித் தண்ணீரை அக்காதான் குடித்தா. குடித்துவிட்டு அழுதா.

“தம்பி சொன்னதைக் கேட்டிருந்தா அந்த மனுசனும் இதில ஒரு வாய் குடிச்சிருக்கும். பிடிவாதம்! என்ன தம்பி?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “ஓம் அக்கா” என்றேன்.

அத்தான், அந்த ‘ஓம்’ என்னைத் தூங்கவிடவில்லை. குழிக்குள் பேசிய வாய்களை நான் மாற்றிவிட்டேன். உருண்டை என்று சொன்னது நீங்கள். புத்தகத்தில் படித்ததென்று கூச்சத்தோடு சொன்னீர்கள். கல்லு கதைச்சதோ என்று நக்கலடித்து, “தாய்ப்பாறை, விடுங்கோ” என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

அதை நீங்கள் அக்காவிடம் சாகும்வரை சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.